துணைவேந்தர் ‘ம்’ கொட்டினார்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்டால், அவர்கள் இன்னும் நன்றாகச் சொல்லிவிடுவார்கள்.

நான் உளவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவன். எதிரே உட்கார்ந்து பேசுகிறவரை எப்படிக் காது கொடுத்துக் கேட்பது என்பதுதான் என் ஆராய்ச்சி. அதைத் தலையணை கனத்துக்கு எழுதி, பைண்டு போட்டு, தங்க எழுத்தில் என் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராக வந்து உட்கார்ந்த சில வாரங்களில், ஒரே ஒரு எழுத்தைச் சொல்லி ஒரு கபடி டீமையே பஸ் இல்லாமல் ரோட்டில் நிறுத்தினேன். அந்த எழுத்து ‘ம்’.

எங்கள் துறையிலிருந்து நிர்வாகத்துக்குப் போகிற இளையவர்கள் என்னைப் பார்த்தால் “சார், டிப்ஸ் ஏதாவது...” என்று இழுக்கிறார்கள். டிப்ஸ் என்னிடம் இல்லை. நான் விழுந்த குழி இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டால், நீங்கள் வேறு குழியில் விழுந்துகொள்ளலாம்.

1. டயர் கடை மாடி

அரியலூரில் ஒரு டயர் கடைக்கு மேலே, மாடியில், என் கவுன்சிலிங் சென்டர் இருந்தது. கீழே சக்கரத்தைக் கழற்றிச் சம்மட்டியால் அடிப்பார்கள். மேலே நான் “மனசு லேசா வச்சுக்குங்க” என்று சொல்வேன். போர்டில் ‘மனநல ஆலோசகர்’ என்று எழுதியிருந்தேன். ஊரில் பாதிப்பேர் அது வேறு ஏதோ டாக்டர் என்று நினைத்துத்தான் ஏறி வந்தார்கள். அப்படி வந்த ஒருவர் கேட்டார்:

“ஊசி உண்டுங்களா டாக்டரு?”

“நான் ஊசி போடுற டாக்டர் இல்லீங்க. பேசுறதுக்கான டாக்டர்.”

“பேசுறதுக்கு எதுக்குங்க டாக்டரு? எங்க தெருவுல எல்லாரும்தான் பேசுறாங்க.”

“பேசப்போறது நீங்க. நான் கேப்பேன்.”

அவர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். “கேக்க மட்டும் ஒரு ஆளா?” என்றவர், சட்டென்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். “அது எங்க வூட்ல ஒருத்தருமே இல்லீங்க.”

சிமெண்ட் ஆலையில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். அண்ணனோடு வரப்புத் தகராறு. பேசிப் பல வருஷம் ஆகிவிட்டது. சொல்லச் சொல்ல நான் தலையை மேலும் கீழும் மெதுவாக ஆட்டிக்கொண்டு ‘ம்’ கொட்டினேன். எங்கள் தொழிலில் ‘ம்’தான் ஸ்டெதாஸ்கோப். அதற்கு ‘ஆமாம்’ என்றும் அர்த்தமில்லை, ‘இல்லை’ என்றும் அர்த்தமில்லை. ‘நான் இங்கேதான் இருக்கிறேன், மேலே சொல்லுங்கள்’ என்பது மட்டும்தான். தீர்ப்புச் சொல்லக் கூடாது, யோசனையும் சொல்லக் கூடாது. அவர் முடிவை அவரே எடுக்க வேண்டும். வகுப்பில் எங்களுக்கு அப்படித்தான் போதித்தார்கள்.

பேசி முடித்தவர் எழுந்து கும்பிட்டார்.

“சரிங்க சார். நீங்க சொன்ன மாதிரியே செஞ்சுடுறேன்.”

நேராக அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டாராம். பிறகு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து சொன்னார்.

நான் எதையுமே சொல்லவில்லை. அப்படியிருக்க ‘நீங்க சொன்ன மாதிரி’ என்று ஏன் சொன்னார்? உளவியல் படித்தவன் அன்றைக்கே அதை யோசித்திருக்க வேண்டும். நான் வாழைப்பழத்தைச் சாப்பிட்டேன்.

2. சுற்றுகிற நாற்காலி

டயர் கடை மாடியிலிருந்து கல்லூரிக்கு வந்தேன். விரிவுரையாளர், துறைத் தலைவர், டீன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ரிட்டயர் ஆக ஆக, காலியான நாற்காலிகளில் நகர்ந்துகொண்டே வந்தேன். மியூசிக்கல் சேர் மாதிரிதான். பாட்டு நின்றபோது நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் துணைவேந்தர் நாற்காலி இருந்தது.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், ஒரு பக்கம் மக்காச்சோளக் காடும் மறுபக்கம் சிமெண்ட் லாரி ஓடும் ரோடுமாக இருக்கிறது எங்கள் வளாகம். முதல் நாள் அந்தச் சுற்றுகிற நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்க்காதபோது ஒரு சுற்றுச் சுற்றினேன். பிறகு கம்பீரமாக என் பி.ஏ. வசந்தா மேடத்தைக் கூப்பிட்டேன். எனக்கு முன்னால் பல துணைவேந்தர்களைப் பார்த்து முடித்தவர் அவர்.

“மேடம், இனிமே என்னைப் பாக்க வர்ற எல்லாரையும் உள்ள அனுப்புங்க. இது கேக்குற நிர்வாகம்.”

“எல்லாரையுமா சார்?”

“எல்லாரையும்.”

“ம்க்கும்” என்றார்.

தொண்டை கட்டியிருக்கிறது போல என்று நினைத்து, மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தேன். அவர் என்னையும் பாட்டிலையும் பார்த்துவிட்டு வெளியே போனார். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியவரச் சில வாரங்கள் ஆயின.

வந்தார்கள். கேட்டேன், தலையாட்டினேன், ‘ம்’ கொட்டினேன். வந்தவர்கள் எல்லாரும் மலர்ந்த முகத்தோடு திரும்பினார்கள். ஒரு டீன் வராந்தாவில் என்னை நிறுத்தி, “இதுவரைக்கும் இருந்தவங்கள்லயே நீங்கதான் சார் டக்கு டக்குன்னு முடிவெடுக்குறீங்க” என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதுவரை நான் எடுத்த முடிவு, மதியம் தயிர்சாதமா புளிசாதமா என்பது மட்டும்தான். ஆனால் பாராட்டை யாராவது துருவித் துருவி விசாரிப்பார்களா?

3. லேட் பஸ்

எங்களிடம் பஸ்கள் நாலு மணிக்குக் கிளம்பிவிடும். ஒன்று மட்டும் ஆறு மணி வாக்கில் கிளம்பி, அரியலூர் வழியாகக் கீழப்பழுவூர் வரை போகும். அதற்கு ‘லேட் பஸ்’ என்று பெயர். மைதானத்தில் பிராக்டிஸ் முடித்த பிள்ளைகளுக்காக அது காத்திருக்கும். பெண்கள் கபடி டீமில் முக்கால்வாசிப்பேர் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்.

ஒருநாள் டிரான்ஸ்போர்ட் மேனேஜர் ராஜமாணிக்கம் வந்தார். மிலிட்டரியில் இருந்துவிட்டு வந்தவர். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார்.

“சார், அரியலூர் லேட் பஸ்ஸு. அவ்ளோ பெரிய வண்டியில ஏறுறது வெரல் வுட்டு எண்ணுற புள்ளைங்க. பாதி சீட்டு காத்து வாங்குது. பெரம்பலூர் ஈவினிங் காலேஜு புள்ளைங்க அங்க படியில தொங்கிக்கிட்டு வருதுங்க. இந்த வண்டிய அந்தப் பக்கம் திருப்பி வுட்டுடலாம்ங்க.”

“ம்...”

“டிரைவர்கிட்ட சொல்லிடட்டுங்களா?”

“ம்.”

அந்த இரண்டாவது ‘ம்’மைச் சொல்லும்போது நான் பஸ்ஸையே நினைக்கவில்லை. இவர் ஏன் உட்கார மாட்டேன் என்கிறார், சின்ன வயதில் அப்பா கண்டிப்பானவரோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனார். அந்தச் சல்யூட் எதற்கு என்று அடுத்ததாக யோசித்தேன்.

அதே வாரம் சௌந்தர்யா வந்தாள். கபடி டீம் கேப்டன். கீழப்பழுவூர்ப் பெண். முழங்காலில் பேண்டேஜ், முழங்கையில் பழைய தழும்பு. அவளும் உட்காரவில்லை. மிலிட்டரி மரியாதை எல்லாம் இல்லை. உட்கார்ந்தால் முழங்கால் வலிக்கும்.

“சார், லேட் பஸ்ஸ நிறுத்தப் போறாங்கன்னு டிரைவர் அண்ணன் சொல்லுது. நிறுத்துனா அவ்ளோதான் சார். ஊர் முக்குல பஸ்ஸு எறக்கி வுடுறவரைக்கும்தான் கபடி, இல்லன்னா நாலு மணிக்கு வூட்டுக்கு வந்துடணும்னு எங்கப்பா மொதல்லயே சொல்லிட்டாரு.”

“ம்.”

“அடுத்த மாசம் மேட்ச்சு இருக்கு சார். எனக்கு இது கடைசி வருசம். இத வுட்டா எனக்கு வேற மேட்ச்சே கெடையாது.”

“ம்... புரியுது.”

“அப்ப பஸ்ஸு ஓடும்ல சார்?”

“உனக்கு இது ரொம்ப முக்கியமா இருக்கு. இல்லையாம்மா?”

இது எங்கள் தொழிலில் அடுத்த பாடம். எதிராளி சொன்னதையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்வது.

“ஆமாங்க சார்!”

“ம்” என்று தலையாட்டினேன். அவள் நொண்டிக்கொண்டே ஓடினாள். வராந்தாவில் அவள் குரல் கேட்டது: “ஏய், சார் ஓகே சொல்லிட்டாருடி!” எந்த சார், எதற்கு ஓகே சொன்னார் என்று எனக்கு ஆர்வமாக இருந்தது.

4. கேட்டுக்கு வெளியே

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் என் கார் வெளியே வந்தபோது, கேட்டுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் டிராக் சூட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். பஸ்ஸைக் காணோம். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. லாரிகள் வரிசையாகப் போய், புழுதியை அள்ளி அவர்கள்மேல் கொட்டிக்கொண்டிருந்தன.

இறங்கி விசாரித்தேன். ராஜமாணிக்கமும் ஓடி வந்தார். அதற்குள் ஒரு டி.வி.எஸ். மொபெட் வந்து நின்றது. சௌந்தர்யாவின் அப்பா கோவிந்தராசு. அவள் போன் பண்ணியிருக்கிறாள். வயலிலிருந்து அப்படியே கிளம்பி அவ்வளவு தூரமும் அதிலேயே வந்திருக்கிறார். காலில் சேறு அப்படியே இருந்தது.

“ஏறு” என்றார் மகளிடம்.

“அப்பா, இவருதான் வி.சி. சாரு. இவருதான் பஸ்ஸு உண்டுன்னு சொன்னாரு.”

“இல்லம்மா” என்றார் ராஜமாணிக்கம். “சாருதான் பஸ்ஸ நிறுத்தச் சொன்னாரு.”

“எங்கிட்ட ஓடும்னாரு.”

“எங்கிட்ட நிறுத்துன்னாரு.”

இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கோவிந்தராசுவும் திரும்பினார்.

“ரெண்டுல எதுங்க நெசம்?”

நான் வாயைத் திறந்தேன். ஆண்டுக்கணக்கில் ஊறிய பழக்கம். என்ன வந்தது என்று நினைக்கிறீர்கள்?

“ம்...”

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். மேலே ஏதோ வரும் என்று எதிர்பார்த்திருப்பார் போல. வரவில்லை. மகள் பக்கம் திரும்பினார்.

“இந்த லாரி ரோட்டுல புள்ளைய நிக்க வச்சிட்டு, எது நெசம்னு அவருக்கே தெரியல. நாளையிலேர்ந்து நாலு மணி பஸ்ஸுக்கு வந்துடு. ஆடுனது போதும்.”

சௌந்தர்யா அழவில்லை. பையை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். நடுக்கோட்டைத் தொடப்போகிற நேரத்தில் காலைப் பிடித்து இழுத்தவனைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

மற்ற பிள்ளைகளை என் காரிலும் வளாகத்து ஜீப்பிலும் ஏற்றி அனுப்பிவைத்தோம்.

5. ஒரு மெய்யெழுத்தும் பல பொய்களும்

மறுநாள் காலை வசந்தா மேடத்திடம் கேட்டேன்.

“மேடம், நான் நிறுத்துன்னும் சொல்லல, ஓட்டுன்னும் சொல்லல. ம்-னுதான் சொன்னேன்.”

“அதான் சார் சாங்ஷன்.”

“ம்-னா நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்னுதானே அர்த்தம்?”

“அது உங்க கிளினிக்ல சார். ஆபீஸ்ல பெரிய சீட்டுல இருக்கவங்க வேணாம்னாதான் வாயத் தொறந்து வேணாம்பாங்க. சரின்னா ‘ம்’பாங்க. ‘சரி’ன்னு முழுசா சொல்ல அவுங்களுக்கு எங்க சார் நேரம்?”

“இத ஏன் மொத நாளே சொல்லல?”

“சொன்னேனே சார். நீங்க தண்ணி பாட்டில எடுத்து நீட்டுனீங்க.”

அப்போதுதான் அந்த ‘ம்க்கும்’ எனக்கு விளங்கியது.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட ஆர்வம் அதிகமாகிவிட்டது. அந்த வாரம் முழுக்க நான் போகிற இடத்திலெல்லாம் ‘ம்’களைப் பொறுக்கிக்கொண்டு திரிந்தேன். டீக்கடையில் “இன்னொரு டீயாண்ணே?” என்றதற்கு ஒருவர் சொன்ன ‘ம்’மில் சர்க்கரை கம்மி என்பதுவரை இருந்தது. மாஸ்டர் சரியாகப் போட்டுக் கொடுத்தார். ரயில்வே ஸ்டேஷனில் ஒரு பெண் போனில் ‘ம்... ம்... ம்...’ என்று மட்டும் பேசிக்கொண்டே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் அது காதல். அதே ‘ம்... ம்... ம்...’மைப் பக்கத்தில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தால் அது மேலதிகாரி. வீட்டில் என் மனைவியிடம், “நான் ஒரு ஞாயித்துக்கெழமை சும்மா படுத்துக் கெடக்கட்டுமா?” என்று சோதனைக்காகக் கேட்டேன். “ம்” என்றாள். நான் எழுந்து ஒட்டடை அடித்தேன். அந்த ஒரு ‘ம்’மை மட்டும் நான் கல்யாணமான நாளிலிருந்தே சரியாகப் படித்துவருகிறேன்.

ஆக, ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஒரே சத்தம்தான். யார் சொல்கிறார், எங்கே உட்கார்ந்து சொல்கிறார் என்பதில்தான் அர்த்தம் இருக்கிறது. டயர் கடை மாடியில் என் நாற்காலியும் வந்தவர் நாற்காலியும் ஒரே பிளாஸ்டிக். அங்கேயே ஒருவர் என் ‘ம்’மைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு போனார். இங்கே என் நாற்காலி சுற்றுகிறது. வருகிறவர் நிற்கிறார். ‘ம்’ ஒரு மெய்யெழுத்து என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்த மெய்யை வைத்து நான் சொன்னதெல்லாம் பொய்யாகிவிட்டது.

ராஜமாணிக்கத்தைக் கூப்பிட்டு, லேட் பஸ்ஸைத் திரும்ப ஓட்டச் சொன்னேன். வார்த்தையாகச் சொன்னேன்.

“ஓட்டலாம்ங்க சார். ஆனா பெரம்பலூர் புள்ளைங்ககிட்ட பஸ்ஸு கெடைச்சிடுச்சுன்னு நான் சொல்லிட்டேன். கையெல்லாம் தட்டுச்சுங்க. இல்லன்னு நீங்களே வந்து சொன்னாத்தான் சரியா இருக்கும். ம்-னு சொல்லிடாதீங்க.”

போனேன். ‘கிடையாது’ என்ற சொல்லை வேலை நேரத்தில் நான் சொன்னதே இல்லை. புதுச்செருப்பு மாதிரி கடித்தது. “இப்போதைக்கு உங்களுக்கு பஸ் கிடையாது. அடுத்த வருஷம் புது வண்டி வந்தா மொதல்ல உங்களுக்குத்தான்” என்றேன். பின்வரிசையிலிருந்து விசில் வந்தது. யாரும் கை தட்டவில்லை. யாரும் மலர்ந்த முகத்தோடு போகவுமில்லை. ஆனால் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

6. ஆறிப்போன டீ

லேட் பஸ் ஓடியது. சௌந்தர்யா அதில் இல்லை. நாலு மணி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தாள். பஸ் மைதானத்தைத் தாண்டும்போது மறுபக்கம் திரும்பிக்கொள்வாள் என்று மற்ற பிள்ளைகள் சொன்னார்கள். மேட்ச்சோ நெருங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கீழப்பழுவூருக்குப் போனேன். வாசலில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. சேரைத் தூக்கிப் போட்டார்கள். சௌந்தர்யாவின் அம்மா டீ கொண்டுவந்து வைத்தார். கோவிந்தராசு எதிரே உட்கார்ந்தார். என் தொழில் வழக்கப்படி, அவர் பேசட்டும் என்று காத்திருந்தேன். அவரும், வந்தவன் பேசட்டும் என்று காத்திருந்தார். மக்காச்சோளத்தைக் கொத்த வந்த கோழியை விரட்டுவதைத் தவிர ரொம்ப நேரம் அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் நான்தான் ஆரம்பித்தேன்.

“பாப்பா நல்லா ஆடுது.”

“ம்.”

“பஸ் திரும்ப வுட்டாச்சு.”

“ம்.”

“அவ ஆடலன்னா டீமே இல்லைங்கிறாங்க. அனுப்பி வைப்பீங்கல்ல?”

“ம்...”

எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினேன். திரும்பும் வழியில், டீமுக்குப் பயிற்சி கொடுக்கிற பி.டி. மேடத்துக்குப் போன் போட்டு, “சம்மதிச்சிட்டாரு” என்று சொல்லிவிட்டேன்.

மறுநாளும் சௌந்தர்யா நாலு மணி பஸ்ஸில் ஏறினாள். ஓடிப்போய் நிறுத்தினேன்.

“என்னம்மா, அப்பாதான் சரின்னுட்டாரே?”

“எப்ப சார்?”

“நேத்து. அனுப்புவீங்களான்னு கேட்டேன். ம்-ன்னாரு.”

“நிறுத்திச் சொன்னாரா, இழுத்துச் சொன்னாரா?”

யோசித்துப் பார்த்தேன். “கொஞ்சம் இழுத்த மாதிரிதான்...”

“அய்யோ சார்! அது ‘டீ ஆறிப்போவுது, குடிச்சிட்டுக் கெளம்புங்க’ன்னு அர்த்தம்.”

“நீ உள்ளதானே இருந்த? அப்பவே சொல்லக் கூடாதா?”

“நீங்க சைக்காலஜி சார். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு வழியில்லை.

7. வாய் வார்த்தை

இரண்டாம் முறை போனபோது டீக்கு முன்னாலேயே பேசிவிட்டேன்.

“அண்ணே, அன்னிக்கி பஸ்ஸு நின்னதுக்குக் காரணம் நான்தான். ராஜமாணிக்கமும் பொய் சொல்லல, உங்க பொண்ணும் பொய் சொல்லல. நான் ரெண்டு பேருகிட்டயும் ம்-னு சொல்லி வச்சிட்டேன். இப்ப வார்த்தையா சொல்றேன். லேட் பஸ் ஓடும். ஊர் முக்குல எறக்கி வுடும்.”

அவர் சோளத்தைக் கிளறிக்கொண்டே கேட்டார். “என்னிக்காச்சும் வரலன்னா?”

யாருக்கும் உத்தரவாதம் கொடுக்காதே என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். நாக்கு உள்ளேயே சுருண்டது. உதடு மூடிக்கொண்டு அந்தப் பாழாய்ப்போன எழுத்தைத் தயார் செய்தது. அவர் கிளறுவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வரலன்னா என் கார் வரும்” என்றேன்.

“நீங்க மெட்ராஸு மீட்டிங்குனு போயிருப்பீங்க.”

“நான் ரயில்ல போயிக்கிறேன். காரு இங்கதான் நிக்கும்.”

“வாயால சொல்றீங்க?”

“வாயாலதான் சொல்றேன். சரியா, சரியில்லையான்னு நீங்களும் வாயால சொல்லிடுங்க. உங்க ‘ம்’ எனக்கு வெளங்க மாட்டேங்குது.”

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. உள்ளே பார்த்து, “சரி, நாளையிலேர்ந்து ஆடட்டும்” என்றார். கதவுக்குப் பின்னால் யாரோ குதித்த சத்தம் கேட்டது. முழங்கால் சரியாகிவிட்டது போலிருக்கிறது.

மேட்ச் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முதல் ஆட்டத்தில் ஜெயித்தார்கள், அடுத்ததில் தோற்றார்கள். தோற்ற ஆட்டத்திலும் சௌந்தர்யா ஒரே ரெய்டில் மூன்று பேரை அவுட் ஆக்கினாளாம். நான் பார்க்கவில்லை. ஒரு மீட்டிங்கில் ‘முடியாது’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இளையவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். கேட்பது பெரிய வித்தை, விட்டுவிடாதீர்கள். ஆனால் நாற்காலி உயர உயர, நீங்கள் கனைத்தால்கூட அது உத்தரவாக வெளியே போகும். கேட்டு முடித்ததும் ‘உண்டு’, ‘இல்லை’, ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று மூன்றில் ஒன்றை வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். கொஞ்சப் பேருக்கு உங்களைப் பிடிக்காமல் போகும். போகட்டும்.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது.

மேட்ச்சுக்கு முன்பு ஒருநாள், நான் பயந்தபடியே, லேட் பஸ் ஸ்டார்ட் ஆகவில்லை. டிரைவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். பிள்ளைகளில் பாதிப்பேரை என் காரிலும் மீதிப்பேரை ஜீப்பிலும் ஏற்றினோம். எனக்கு இடமில்லை. ஆனால் கோவிந்தராசு வீட்டு வாசலில் போய் நின்றே தீர வேண்டும் என்று ஒரு வீம்பு. ராஜமாணிக்கத்தின் புல்லட்டில் பின்னால் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் முன்னாலும் பின்னாலும் சிமெண்ட் லாரிகள். கீழப்பழுவூரில் இறங்கியபோது தலை, மீசை, சட்டை எல்லாம் ஒரே வெள்ளை. பூசி முடித்து இன்னும் காயாத சுவர் மாதிரி இருந்தேன்.

காரிலிருந்து இறங்கிய சௌந்தர்யா என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். கோவிந்தராசு வெளியே வந்து, காரைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

“சொன்ன சொல்ல காப்பாத்திட்டீங்க சார்” என்றார்.

சந்தோஷத்தில் என்னை மறந்து, தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு “ம்... ம்...” என்றேன். புழுதி உதிர்ந்தது.

அவர் கொடியில் கிடந்த ஒரு பழைய துண்டை உருவி என் கையில் கொடுத்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். பூம்பூம் மாடு தலையாட்டுனா நாங்க பழைய துணிதான் குடுப்போம். இந்தாங்க, தொடைச்சுக்குங்க.”